ஏழாவது பூ

காலை 6.10.

வாளியோடு கொல்லைப்பக்கம் வந்த கடிகாரக்காரரின் மனைவி, வலைக்கொட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்திருந்தது. பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது. ஆனால் அதை மாட்டியிருந்த கொண்டி கதவை விட்டுக் கழன்று, பூட்டோடு சேர்ந்து நிலையில் தொங்கியது. உள்ளே கம்பியில் வரிசையாகத் தொங்கிய ஆர்க்கிட் செடிகளுக்கு நடுவே, பல் விழுந்த வாய் போல ஓர் இடைவெளி.

"ஏங்க! ஓடி வாங்க! அந்தச் செடியைக் காணோங்க!"

கடிகாரக்காரர் ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். இடைவெளியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வாரத்தில் ஆறு நாள் அவர் கடிகாரம் பழுதுபார்ப்பார். ஏழாவது நாள் மலைக்காட்டில் இருப்பார். அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை. நூலகத்துப் புத்தகங்களும், கண்ணில் செருகிக்கொள்ளும் கடிகார லென்ஸும்தான் ஆசிரியர்கள். அரிசி அளவே இருக்கும் காட்டு ஆர்க்கிட் பூக்களை அந்த லென்ஸ் வழியே பார்த்து, நரம்பு நரம்பாக வரைவார். இருபத்தைந்து வருடத்தில் நூற்றுப் பன்னிரண்டு படங்கள். போன வருடம் அவர் வரைந்த ஒரு படம் தாவரவியல் சங்கத்தின் இதழில் வெளியானது. இதுவரை யாரும் பதிவு செய்யாத இனமாக இருக்கலாம் என்றார் சங்கத்துப் பேராசிரியர் ஒருவர். கடிகாரக்காரரின் பெயரையே அதற்கு வைக்கலாம் என்றும் எழுதியிருந்தார். அந்தச் செடியை உயிரோடு, பூவோடு பார்க்கப் பேராசிரியர் அன்று மாலை நாலு மணிக்கு வருவதாக இருந்தது.

அந்தச் செடியைத்தான் காணவில்லை.

காலை 8.30.

காவல் நிலையத்தின் பெஞ்சில் ஒருவர் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் மண். ஊரில் எல்லாரும் அவரைப் 'பதியம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒடிந்த கிளை எதைக் கண்டாலும் பதியம் போட்டுப் பிழைக்க வைத்துவிடுவார். சின்னதாக ஒரு நாற்றங்கால் வைத்திருந்தார்.

"வேலை முடிஞ்ச மாதிரிதான் ஏட்டம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "போன வாரம் இவன் அந்தச் செடியை விலைக்குக் கேட்டிருக்கான். அவர் தரலை. இவன் கேட்டதைப் பக்கத்து வீட்டுல ரெண்டு பேர் காதால கேட்டிருக்காங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி பூங்காவுல பூந்தொட்டி திருடுன கேஸும் இருக்கு."

"கடிகாரக்காரர் இவர் மேலதான் சந்தேகம்னு எழுதிக் குடுத்தாரா?"

"எழுதலை. ஆனா 'இவன் விலைக்குக் கேட்டானா'ன்னு நான் கேட்டேன். 'ஆமா'ன்னார். போதாதா?"

ஏட்டம்மா பெஞ்சைப் பார்த்தார். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த தலைமைக் காவலர் அவர். முழங்கால் வலி, நிதானமான நடை. தினமும் ஸ்டேஷனுக்கு வருமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடி, 'இன்னைக்கு யாருக்கும் என்னால கெடுதல் வரக்கூடாது' என்று வேண்டிக்கொள்கிறவர்.

"அவருக்குப் பூங்காவுல நிரந்தர வேலை ஆகியிருக்குன்னு கேள்விப்பட்டேனே?"

"நாளைக்குச் சேரணும். நன்னடத்தைச் சான்று நான்தான் தரணும். எங்கே தர்றது? அஞ்சு மணிக்குள்ள செடி கிடைக்கலைன்னா கேஸ் எழுதிடுவேன்."

பதியம் நிமிரவில்லை. சுவர்க் கடிகாரத்தை மட்டும் ஒரு முறை பார்த்தார்.

காலை 9.20.

ஏட்டம்மா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். கொடுக்கிற கையைப் பார்த்தால் வீட்டின் நிலவரம் தெரியும் என்பார். கடிகாரக்காரரின் மனைவி செம்பை விளிம்பு வழிய நிரப்பிக் கொண்டு வந்தாள்.

வலைக்கொட்டிலில் எதுவும் கலைந்திருக்கவில்லை. செடிகள் எல்லாம் கிழிந்த நீலப் போர்வைத் துணியால் மரத்துண்டுகளில் கட்டப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இரட்டை முடிச்சு. காணாமல் போன செடிக்குப் பக்கத்திலேயே கைப்பிடி அளவு பெரிய ஊதாப் பூக்களோடு ஒன்று தொங்கியது.

"எது விலை போகும்மா?"

"ஊதாதான். காணாமப் போனது பார்வைக்குப் புல்லு மாதிரி இருக்கும். அவருக்குத்தான் அது ரத்தினம்."

ஏட்டம்மா கதவருகே குனிந்தார். கொண்டியின் நான்கு திருகாணிகளும் தரையில் இல்லை. கதவோரமாக ஒரு பழைய தகர மூடி மல்லாந்து கிடந்தது. அதற்குள் நான்கும் இருந்தன. மேலே இரண்டு, கீழே இரண்டு, கொண்டியில் எப்படி இருந்தனவோ அப்படியே. ஒன்றின் தலையில்கூடக் கீறல் இல்லை.

"ரொம்பப் பதவிசான திருடன்," என்று முனகிக்கொண்டார்.

"நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கல்ல? பாவம், நாலு நாளா அவர் சரியாச் சாப்பிடலை. இப்ப இது வேற."

"நாலு நாளாவா? செடி இன்னைக்குத்தானே போச்சு?"

"முதல் மொட்டு விரிஞ்ச அன்னையிலிருந்துதான். லென்ஸை வெச்சுப் பார்த்தார். அப்படியே சிலை மாதிரி உட்கார்ந்துட்டார். என்னன்னு கேட்டா, 'ஒண்ணுமில்லை, கண்ணு வலிக்குது'ன்னார். சந்தோஷத்துல சில பேருக்குப் பசி எடுக்காதுல்ல?"

ஏட்டம்மா செம்பைக் கீழே வைத்தார். புகாரின் நகல் அவர் பையில் இருந்தது. அதில் கடிகாரக்காரரின் கையெழுத்தில் ஒரு வரி: 'செடியில் மொட்டுகள் இருந்தன. இன்னும் விரியவில்லை.'

காலை 11.00.

கடையில் நாற்பது கடிகாரங்கள் நாற்பது விதமாகத் துடித்துக்கொண்டிருந்தன. கடிகாரக்காரர் ஒரு கைக்கடிகாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பேசும்போதும் கை நிற்கவில்லை. கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் ஒரு மூடியில், கழற்றிய இடத்தின் வரிசைப்படியே வைத்தார்.

"நல்ல பழக்கம் சார்."

"இல்லைன்னா எது எங்கே போகும்னு குழப்பம் வந்துடும்மா. முப்பது வருஷமா கை தானாச் செய்யுது."

சுவரில் சட்டம் போட்ட படம் ஒன்று இருந்தது. மெல்லிய தண்டு ஒன்றில் ஏழு சிறு பூக்கள்.

"இதுதானா அது? இதுல என்ன விசேஷம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

ஒரு கணம் அவர் முகம் மலர்ந்தது. "ஆர்க்கிட் பூவுல ஒரு இதழ் மட்டும் தனியா இருக்கும். உதடுன்னு சொல்லுவோம். பூச்சி வந்து உட்கார்ற படி மாதிரி. மொட்டுக்குள்ளேயே பூ ஒரு திருகு திருகித் திரும்பி, அந்த உதட்டைக் கீழ்ப்பக்கம் கொண்டு வந்துடும். மேல் எது கீழ் எதுன்னு மொட்டுக்குத் தெரியும். ஒரு தடவை விரிஞ்சுட்டா அப்புறம் திரும்பாது. இந்தச் சாதியில எல்லாத்துக்கும் உதடு கீழேதான். இதுல மட்டும் மேலே இருந்தது."

"எங்கே கிடைச்சது?"

"போன வருஷப் புயலுக்கு அப்புறம். காட்டுல ஒரு கிளை முறிஞ்சு கிடந்தது. அதுல இருந்தது. பூத்தபடியே துண்டு வெட்டி எடுத்துட்டு வந்து, கிடந்தது போலவே தொங்கவிட்டு வரைஞ்சேன்." சொல்லி முடித்தவரின் முகம் மறுபடி சுருங்கியது. ஜன்னலுக்கு வெளியே, எதிர்ச்சாரியில் நின்ற பெரிய மரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"பதியம் எடுத்திருப்பார்னு நினைக்கிறீங்களா சார்?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"இல்லைன்னும் சொல்லலை."

கடிகாரக்காரரின் கையிலிருந்த இடுக்கி நழுவியது. மறுபடியும் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

ஏட்டம்மா எழுந்தார். சுவரோரம் ஓர் ஏணி சாய்ந்திருந்தது. "சுவர்க் கடிகாரம் மாட்டவா?" "ஆமாம்மா." ஏணியின் கால்களில் ஈரமண் அப்பியிருந்தது. அதை அவர் கேட்கவில்லை. சங்கத்தின் இதழ் பிரதி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு நடந்தார்.

மதியம் 1.10.

ஏட்டம்மா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடியில் பாதியை எடுத்து வைத்துப் பதியத்திடம் நீட்டினார்.

"சாப்பிடுங்க தம்பி. வயிறு காஞ்சா உண்மையும் வராது, பொய்யும் வராது."

பதியம் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நான் எடுக்கலைக்கா."

"சரி. எதுக்கு விலைக்குக் கேட்டீங்க? ஊதாப் பூ இருக்கப்போ, புல்லு மாதிரி இருக்கறதை யார் வாங்குவா?"

பதியம் சோற்றில் விரலை வைத்தார். "ஆசைதான்."

"உங்க வேலை போயிடும். தெரியுமில்லை?"

"தெரியும்க்கா."

"அப்புறம் என்ன ஆசைன்னு சொல்லிடுங்களேன்."

"ஆசைக்குக் காரணம் உண்டா?" என்றார் பதியம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

திருடியவன் பயத்தில் வாயை மூடிக்கொள்வதை ஏட்டம்மா முப்பத்திரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறார். இது அந்த மௌனம் இல்லை. யாரையோ பின்னால் நிறுத்தி மறைத்துக்கொண்டு நிற்கிற மௌனம்.

பிற்பகல் 2.30.

கடைத்தெரு பெஞ்சில் உட்கார்ந்து ஏட்டம்மா இதழை விரித்தார். படத்துக்குக் கீழே கடிகாரக்காரரின் குறிப்பு: 'பூக்களில் உதடு மேல்நோக்கியது.'

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குழந்தை மாதிரி விரல் வைத்து எண்ணினார். முதல் பூ, உதடு மேலே. இரண்டாவது, மேலே. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எல்லாம் மேலே. தண்டின் நுனியில் கடைசியாக விரிந்த ஏழாவது பூ, மற்றவற்றைவிடச் சின்னது.

அதன் உதடு கீழே இருந்தது.

இதழைத் தலைகீழாகத் திருப்பினார். இப்போது ஆறு பூக்கள் எல்லா ஆர்க்கிட்டையும் போல உதட்டைத் தொங்கப் போட்டிருந்தன. ஏழாவது மட்டும் தலைகீழ்.

"அட, கடவுளே!" என்றார் ஏட்டம்மா. கண்டுபிடித்த மகிழ்ச்சி அந்தக் குரலில் இல்லை.

எழுந்து எதிர்ச்சாரி மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். தெருப் பக்கமிருந்து ஒன்றும் தெரியவில்லை. சுவரை ஒட்டிப் பின்பக்கம் போனார். இரண்டு ஆள் உயரத்தில், பெரணிச் செடிகளுக்கு நடுவே, ஒரு நீலத் துணி முடிச்சு.

பிற்பகல் 3.15.

"கடையைக் கொஞ்ச நேரம் சாத்திக்கலாமா சார்?" என்று கேட்டு, அவரே கதவை ஒருக்களித்தார். நாலு பேர் எட்டிப் பார்க்கிற இடத்தில் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை அது.

"செடியை எடுத்தது நீங்கதான்."

கடிகாரக்காரர் லென்ஸைக் கழற்றவில்லை. அதன் பின்னால் ஒரு கண் பெரிதாகத் தெரிந்தது.

"திருடன் திருகாணியைக் கழற்றி வீசுவான். வரிசையா மூடியில வைக்க மாட்டான். பூட்டு உடைஞ்ச மாதிரி காட்டணும்னு நினைச்சீங்க. ஆனா உங்க கை முப்பது வருஷப் பழக்கத்தை விடலை. மொட்டு விரியலைன்னு எழுதிக் குடுத்தீங்க. நாலு நாள் முன்னாடியே விரிஞ்சதுன்னு உங்க வீட்டுல சொன்னாங்க. கடைக்குள்ள நிக்கற ஏணியில ஈரமண். செடி எதிர் மரத்துல இருக்கு. காலையிலிருந்து நீங்க அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கீங்க."

"ஏன் செஞ்சேன்னும் தெரியுமா?"

"உங்க படமே சொல்லுச்சு. கிளை முறிஞ்சு விழும்போது ஆறு பூ ஏற்கெனவே விரிஞ்சிருந்தது. கிளை தலைகீழாக் கிடந்ததால அந்த ஆறோட உதடும் மேலே போச்சு. ஏழாவது அப்போ மொட்டு. நீங்க தொங்கவிட்டப்புறம் அது சரியாத் திரும்பிக் கீழ்நோக்கி விரிஞ்சது. இது புது இனமே இல்லை. எல்லாத்தையும் போல ஒண்ணு. இந்த வருஷம் புதுசா வந்த பூ எல்லாம் உதட்டைக் கீழேதான் வெச்சிருக்கும். இல்லையா சார்?"

கடிகாரக்காரர் லென்ஸை எடுத்து மேசையில் வைத்தார். கண்ணைச் சுற்றி வட்டமாகத் தடம் பதிந்திருந்தது.

"ஏழாவதை நான் பார்த்தேம்மா. பார்க்காம எப்படி வரைவேன்? ஏதோ குறைப்பூன்னு நினைச்சுக்கிட்டேன். நினைச்சுக்கிட்டேன்னுகூடச் சொல்ல முடியாது, நினைக்க விரும்பினேன். படத்துல வரைஞ்சேன். எழுதும்போது விட்டுட்டேன்." லென்ஸை மேசைமேல் உருட்டினார். "நான் பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவன். பேராசிரியர் என் பேரை வைக்கறேன்னார். நாலு நாள் முன்னாடி பூவைப் பார்த்ததும் உடம்பெல்லாம் கூசிப் போச்சு. கத்தரிச்சுப் போட்டுடலாம்னு போனேன். கை வரலை. விடியுறதுக்கு முன்னாடி கொண்டு போய் மரத்துல கட்டினேன்."

"பதியம்?"

"யாரையும் மாட்டிவிட நினைக்கலை. சத்தியமா நினைக்கலை. இன்ஸ்பெக்டர் கேட்டார். 'ஆமா'ன்னேன். அது உண்மைதானே, அவர் விலைக்குக் கேட்டார்தானேன்னு..." முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

நாற்பது கடிகாரங்களும் துடித்துக்கொண்டிருந்தன.

"பேராசிரியர் நாலு மணிக்கு வந்துடுவார். என்ன முகத்தோட நிப்பேன்?"

"அவர் காத்திருக்கட்டும் சார். அவருக்கு முன்னாடி, காலையிலிருந்து ஒருத்தர் காத்திருக்கார். நான் போய்ச் சொன்னா அது கண்டுபிடிச்சதா ஆகும். நீங்க வந்து சொன்னா ஒத்துக்கிட்டதா ஆகும். ரெண்டும் ஒண்ணில்லை."

மாலை 4.05.

இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார். முகம் சிவந்தது. "பொய்ப் புகார்! உங்களைத்தான் சார் இப்போ உள்ளே வைக்கணும். மரியாதைப்பட்ட மனுஷன்னு நம்பினேன் பாருங்க!"

"வைங்க சார்," என்றார் கடிகாரக்காரர். தலை நிமிரவில்லை.

"விட்டுடுங்க சார்," என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல். "செடிதான் பத்திரமா இருக்கே."

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து சான்றிதழ்த் தாளை எடுத்தார். கையெழுத்துப் போடும்போது பேனா தாளைக் கிழித்துவிடும் போலிருந்தது. "உங்களுக்கு எச்சரிக்கை. எழுத்துல. இவனுக்கு... இவருக்கு இது. காலையில ஒரு வார்த்தை ஒழுங்கா விசாரிச்சிருக்கலாம். தப்புதான்." கடைசிச் சொல்லை ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

பதியம் தாளை வாங்கி, மடிக்காமல், மண் படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

ஏட்டம்மா அவர் அருகே போனார். "இப்பவாவது சொல்லுங்க தம்பி. எதுக்கு அந்தச் செடியைக் கேட்டீங்க?"

பதியம் கடிகாரக்காரரைப் பார்த்தார். சொல்லலாமா என்று தயங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வாட்ச் ரிப்பேருக்குக் குடுக்க வந்தப்போ சுவத்துல படத்தைப் பார்த்தேன் சார். காத்துல விழுற கிளையில இந்த மாதிரி நிறையப் பார்த்திருக்கேன். விரிஞ்ச பூ தலைகீழா இருக்கும், அப்புறம் வர்ற பூ சரியா இருக்கும். ஏழாவதைப் பார்த்ததும் எனக்குப் பக்குன்னு ஆச்சு. பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு சொன்னீங்க. செடி என்கிட்ட இருந்தா, பூத்ததும் உங்களைத் தனியாக் கூப்பிட்டுக் காட்டலாம், நீங்களே அவருக்கு எழுதிடலாம், சபையில தலைகுனிவு வராதுன்னு நினைச்சேன்."

"என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே," என்றார் கடிகாரக்காரர். சொல் சொல்லாகத்தான் வந்தது.

"எட்டாவது பெயிலு சார் நான். உங்ககிட்ட போய் எப்படித் தப்புன்னு சொல்றது?"

"இன்னைக்காவது... இவங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்குமே."

"சொன்னா உங்க விஷயம் வெளியே வந்துடும். அஞ்சு மணி வரைக்கும் டைம் இருந்துச்சு. நீங்க வருவீங்கன்னு நினைச்சேன்."

அதைக் கேட்டுக் கடிகாரக்காரர் நின்ற நிலையை ஏட்டம்மா பார்க்க விரும்பவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் விலங்கு மாட்டிய கைகள் எத்தனையோ பார்த்திருக்கிறார். எந்த விலங்கும் ஒரு மனிதனை இப்படிக் குனிய வைத்ததில்லை. கடவுள் சில சமயம் தண்டிப்பதற்குப் பதில், நாம் தப்பாக நினைத்த ஆளின் நல்ல மனசைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

"மன்னிச்சிடுங்க," என்றார் கடிகாரக்காரர்.

பதியம் காதைச் சொறிந்துகொண்டார். "மரத்துல கட்டுனீங்களே சார், தண்ணி தெளிச்சீங்களா?"

"இல்லை."

"காலையிலிருந்தா? வெயில்லயா? என்ன சார் நீங்க! வாங்க, வாங்க."

மாலை 4.40.

பேராசிரியர் சாத்தியிருந்த கடையின் வாசலில், இரண்டு சங்க உறுப்பினர்களோடு நின்றிருந்தார். கையில் ஒரு பூதக்கண்ணாடி. "வந்துட்டீங்களா! எங்கே நம்ம அதிசயம்?"

கடிகாரக்காரர் கடையைத் திறந்து ஏணியை எடுத்தார். தெருவைக் கடந்து மரத்தின் பின்பக்கம் சாய்த்தார். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பேருந்துக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். அவர் மனைவியும் செய்தி கேட்டுத் தண்ணீர்ச் செம்போடு வந்து தெருமுனையில் நின்றாள்.

நான்காவது படியில் அவர் நின்றார். ஏணியைப் பிடித்துக்கொண்டு தெருப் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இது புது இனம் இல்லை," என்றார். தெருவுக்கே கேட்டது. "உதடு கீழேதான் இருக்கு. நீங்களே பாருங்க. அந்தக் கிளை தலைகீழா விழுந்திருந்தது. நான் வரைஞ்சது சரி. எழுதினது தப்பு. தெரிஞ்சப்புறம் செடியை ஒளிச்சு வெச்சேன். அதுக்கு ஒரு நல்ல மனுஷன் காலையிலிருந்து ஸ்டேஷன்ல உட்கார்ந்திருந்தார். தப்பை முதல்ல கண்டுபிடிச்சவரும் அவர்தான்."

பேராசிரியர் பூதக்கண்ணாடியைத் தாழ்த்தினார். இதழைப் பையிலிருந்து எடுத்தார். வெகுநேரம் படத்தைப் பார்த்தார்.

"ஏழாவதை நானும்தான் பார்க்கலை," என்றார் கடைசியில், தாழ்ந்த குரலில்.

ஏட்டம்மா கடிகாரக்காரரின் மனைவியிடமிருந்து தண்ணீர்ச் செம்பை வாங்கி மேலே நீட்டினார். கடிகாரக்காரர் செடியின் வேரில் சொட்டுச் சொட்டாக விட்டார். அவசரத்தில் பாதி அவர் சட்டையிலேயே வழிந்தது.

"மெதுவா சார். அவசரமில்லை," என்றார் பதியம். சான்றிதழை ஏட்டம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஏணி ஆடாமலிருக்க அதன் கீழ்ப்படியில் ஒரு காலை அழுத்தி ஊன்றிக்கொண்டார்.